இருட்டுத் திரையில் அப்பா எழுதியது

மூடியை மட்டும் மூடாதீர்கள் என்று அப்பாவிடம் தலைப்பாடாய் அடித்துக்கொண்டேன். ஒரு நாளா, இரண்டு நாளா? அந்த லேப்டாப் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து இதே பாட்டுதான். எழுதி முடித்தால் அப்படியே விட்டுவிட்டு எழுந்து போங்கள், நான் வந்து பார்த்துக்கொள்கிறேன் என்பேன். நன்றாகத் தலையாட்டுவார். மறுநாள் சாயங்காலம் வேலை முடிந்து வந்தால், அது பாந்தமாக மூடிக் கிடக்கும். மேலே ஒரு துண்டை வேறு மடித்துப் போட்டிருப்பார். திறந்த புத்தகத்தை மூடாமல் எழுந்தால் படித்ததெல்லாம் ஓடிப்போகும் என்று சின்ன வயதில் அவருக்கு யாரோ சொல்லி வைத்திருக்கிறார்கள். அவர் கண்ணுக்கு அதுவும் புத்தகம்தான்.

கப்பலூரில் நான் வேலை பார்த்த சின்ன ரப்பர் கம்பெனி கழித்துக்கட்டிய லேப்டாப் அது. அங்கே கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொண்ட அண்ணன் ஒருவர், எழுமலைப் பக்கத்துக்காரர், அதில் லினக்ஸ் ஏற்றிக் கொடுத்தார். "ஓசிதான் தாயி. ஆனா வைரஸ் கிய்ரஸ்னு ஒரு சனியனும் கிட்ட அண்டாது" என்றார். உண்மைதான், அண்டவில்லை. ஒரே ஒரு கோளாறு. மூடியை மூடினால் மெஷின் தூங்கிவிடும். திறந்தால் எழுந்துவிடும், திரை மட்டும் எழாது. உள்ளே காத்தாடி ஓடும், பச்சை விளக்கு எரியும், கேப்ஸ் லாக்கைத் தட்டினால் அதற்கும் விளக்கு எரியும். திரை மட்டும் கரிச்சட்டி. அண்ணன் மூன்று நாள் சாப்பாட்டு நேரத்தை அதற்கே செலவழித்து, எதை எதையோ மாற்றிப் பார்த்துவிட்டு, "எல்லாச் சாமியும் கும்பிட்டாச்சு, இதுக்கு மேல நம்ம கையில இல்ல" என்று கையை விரித்தார். பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்து, மறுபடி போட வேண்டும். போட்டால் வரும். ஆனால் சேமிக்காமல் விட்டதெல்லாம் போயிருக்கும்.

அப்பா எதையும் சேமிக்கிற ஆள் கிடையாது. அவர் வாலிபத்தில் தமிழ் டைப்ரைட்டிங் லோயர் பாஸ் செய்தவர். டைப்ரைட்டரில் அடித்தால் காகிதத்தில் இருக்கும், அதை எதற்குத் தனியாகச் சேமிப்பது என்பது அவர் கட்சி. லேப்டாப்பிலும் அதே விசைப்பலகையைப் போட்டுக் கொடுத்திருந்தேன். விரல் மறக்கவில்லை, படபடவென்று அடிப்பார். அடித்ததைத் திருப்பி நம்மிடம் காட்டுவார். நாம் படித்ததும் அழித்துவிடுவார். பேச்சுக்குப் பதிலாகத்தானே அடித்தார், பேசியதை யார் எடுத்து வைப்பார்கள்?

ஆம், பேச்சுக்குப் பதிலாகத்தான். தொண்டையில் கட்டி என்று குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். முப்பது வருடம் ஜவுளிக்கடையில் சேலை விரித்துக் காட்டியவர். வாய்தான் அவருக்குச் சோறு போட்டது. அவர் வாயைத் திறந்தால் ரவிக்கைத் துணி எடுக்க வந்தவள்கூடப் பட்டுப்புடவையோடு போவாள் என்று கடையில் சொல்வார்கள். அந்த மனுஷனுக்குக் கழுத்தில் ஓர் ஓட்டை, அதற்கு மேல் ஒரு வெள்ளைத் துணி. முதலில் நோட்டில் எழுதிக் காட்டினார். மெதுவாக இருக்கிறதென்று நோட்டைத் தூக்கி எறிந்தார். பிறகுதான் நான் லேப்டாப்பைக் கொண்டுவந்தேன்.

இதில் யாருமே எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. எங்கள் வீட்டில் பேசுவது சௌராஷ்டிரம். அப்பா, அம்மா, நான், எல்லாரும் பிறந்ததிலிருந்து அதில்தான் பேசுகிறோம், சண்டை போடுகிறோம், கும்பிடுகிறோம். ஆனால் எழுதுவதென்றால் தமிழ்தான். கல்யாணப் பத்திரிகை தமிழ், பால் கணக்கு தமிழ், ஊருக்குப் போட்ட கடிதம் தமிழ். எங்கள் மொழிக்குத் தனி எழுத்து இருக்கிறது என்பார்கள். எங்கள் வீட்டில் யாருக்கும் அது தெரியாது. தமிழ் எழுத்தை வைத்து எங்கள் பேச்சை எழுதலாமே என்று யாருக்கும் தோன்றியதும் இல்லை. ஆகவே குரல் போனதும் அப்பாவுக்கு எங்கள் மொழியும் சேர்ந்து போய்விட்டது. அம்மாவிடம் தமிழில் பேச ஆரம்பித்தார். அதுவும் எப்படிப்பட்ட தமிழ்? "மாத்திரை எடுத்து வரவும்." "கொஞ்சம் வெந்நீர் தேவை."

அம்மா மூன்றாம் வகுப்பு வரை போனவள். பஸ் போர்டு படிப்பாள், அவ்வளவுதான். அதனால் நான்தான் படித்துச் சொல்ல வேண்டும். ஒரு நாள் "வெந்நீர் தேவை" என்று படித்ததும் அடுப்படியில் பாத்திரத்தை டமாரென்று போட்டாள். அவள் எங்கள் மொழியில் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன்.

"நாப்பது வருசம் என்கூட நம்ம பேச்சுல பேசுன மனுசன். இப்ப கடைக்கு வந்த பொம்பளகிட்டப் பேசுற மாதிரி பேசுறாரு. நான் யாரு அவருக்கு?"

அப்பா அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். அவருக்கு வாய்தான் போயிருந்தது, காது போகவில்லை. அன்று ராத்திரி அவர் சாப்பிடவில்லை.

நான் போய், நம் பேச்சையே தமிழ் எழுத்தில் அடியுங்களேன் என்றேன். வேண்டாம் என்று தலையசைத்தார். நான் விடவில்லை. "இதுல என்னப்பா வெக்கம்?" என்று எரிந்து விழுந்தேன். அவர் எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். எனக்குப் பொறுமை கிடையாது. அன்றைக்கும் கிடையாது, இன்றைக்கும் கிடையாது.

அது நடந்து பத்து நாள் இருக்கும். ஒரு நாள் காலையில் அப்பாவுக்கு இருமல் வந்தது. கழுத்துத் துணி சிவப்பாகியது. துணியை மாற்றினோம், அதுவும் சிவப்பாகியது. நான் செருப்புக்கூடப் போடாமல் முனிச்சாலை முக்குக்கு ஓடி ஆட்டோவைப் பிடித்துக்கொண்டு வந்தேன். பத்து நிமிடம் ஆகியிருக்கும். உள்ளே வந்தால் அப்பா கட்டிலில் உட்கார்ந்து, ஒரு கையால் கழுத்தை அழுத்திக்கொண்டு, மறு கையால் லேப்டாப்பை மூடிக்கொண்டிருக்கிறார்.

"மூடாதீங்கன்னு சொன்னேன்ல!" என்று கத்தினேன். கழுத்தில் ரத்தம் வழிந்துகொண்டிருந்த மனுஷனிடம் அதைக் கத்தினேன்.

அவர் கோபப்படவில்லை. லேப்டாப்பை விரலால் காட்டினார். சமையல்கட்டில் பை எடுத்து வைத்துக்கொண்டிருந்த அம்மாவைக் காட்டினார். பிறகு என் வாயைத் தொட்டார். படித்துச் சொல் என்று அர்த்தம். எனக்கு மட்டுமல்ல, பையோடு திரும்பிய அம்மாவுக்கும் அது புரிந்தது. அவர் அதை மூடியது பழக்கத்தால் இல்லை, அம்மாவுக்கு எழுதியதை நான் முந்திக்கொண்டு படித்துவிடக் கூடாது என்றுதான். இது எனக்கு ஆட்டோவில் போகும்போது உறைத்தது.

மாட்டுத்தாவணிப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். சித்தப்பாவும் வந்துவிட்டார். டாக்டர் உடனே தியேட்டருக்குக் கொண்டுபோகச் சொன்னார். திறந்து பார்த்தால்தான் தெரியும், நேரமாகும் என்றார். நாங்கள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். பதினொன்றரை மணி இருக்கும், அம்மா என் கையைப் பிடித்தாள்.

"என்னமோ எழுதி வச்சாரே. என்னன்னு பாத்துட்டு வந்துருவோம்."

"அப்புறம் பாப்போம்மா. இப்ப அதுவா முக்கியம்?"

"அப்புறம்னா எப்ப? அவரு கண்ணு முழிச்சதும் என் மூஞ்சியத்தான் பாப்பாரு. படிச்சியான்னு பாப்பாரு. நான் பேந்தப் பேந்த முழிச்சுக்கிட்டு உக்காந்திருக்கவா? பதில் சொல்லணும்டி."

சித்தப்பாவை அங்கே விட்டுவிட்டு இருவரும் வீட்டுக்கு வந்தோம். மின்வெட்டு தினமும் இரண்டு மணி நேரம் என்று வந்த புதிது. எங்கள் தெருவுக்குப் பன்னிரண்டிலிருந்து இரண்டு. நாங்கள் நுழையும்போது ஃபேன் ஓய்ந்து நின்றது. கட்டிலில் லேப்டாப் கிடந்தது. காலைக் கலவரத்தில் யாரோ வயரைத் தட்டிப் பிடுங்கியிருக்கிறார்கள். நான் மூடியைத் திறந்தேன். காத்தாடி ஓடியது. விளக்கு எரிந்தது. திரை கருப்பு.

அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "வருது, இரு" என்று பொய் சொல்லிவிட்டு அண்ணனுக்குப் போன் போட்டேன்.

"அண்ணே, போச்சுண்ணே" என்றேன். அதற்கு மேல் வரவில்லை, அழுகைதான் வந்தது.

"என்னத்தா போச்சு? அழாம சொல்லு."

சொன்னேன். அவருக்கு எங்கள் வீட்டு நிலைமை தெரியும். கம்பெனி மெஷின் சத்தத்திலிருந்து வெளியே நடந்து வந்து பேசினார்.

"பவர் பட்டன அமத்திட்டியா?"

"இல்லண்ணே."

"தொட்டுறாத. அத அமத்துனா எல்லாம் காலி. கேப்ஸ் லாக்க தட்டு, லைட்டு எரியுதா?"

"எரியுது."

"அப்ப உசுரு இருக்கு தாயி. அப்பா அடிச்சது உள்ள அப்படியேதான் கெடக்கு. பேட்டரி எம்புட்டு நேரம் நிக்கும்?"

"முழுசா ஏத்தினாலே முக்கால் மணி நேரம்தான்ணே. இப்ப எவ்வளவு இருக்குன்னு யாருக்குத் தெரியும்?"

கண்ட்ரோலையும் ஆல்ட்டையும் பிடித்துக்கொண்டு எஃப் ஒன்றைத் தட்டச் சொன்னார், பிறகு எஃப் ஏழு. "பாத்து. அந்த ரெண்டு விசையோட பேக்ஸ்பேஸ் மட்டும் பட்டுறக் கூடாது. பட்டுச்சுன்னா மொத்தமும் அவுட்டு." நான் இடது கையால் பேக்ஸ்பேஸை மறைத்துக்கொண்டு, வலது கை விரல்களை விரித்து, கண் தெரியாதவள் போலத் தடவித் தடவித் தட்டினேன். திரையில் ஓர் அசைவும் இல்லை. வெளிச்சம் கூட்டும் பட்டனைத் தட்டினேன். பல்லைக் கடித்துக்கொண்டு பத்துத் தடவை தட்டினேன். ஒன்றும் இல்லை. எனக்கு அந்த மெஷினைச் சுவரில் அடிக்க வேண்டும் போல இருந்தது.

"என்னடி சொல்றாரு?" என்றாள் அம்மா.

"சும்மா இரும்மா!"

"நான் கெளம்பி வாரேன்" என்றார் அண்ணன்.

"நீங்க கப்பலூர்லருந்து வாரதுக்குள்ள பேட்டரி செத்துரும்ணே."

பிறகு திடீரென்று கேட்டார். "வீட்ல டார்ச் லைட்டு இருக்கா?"

"இருக்கு."

"திரைக்குப் பின்னாடி ஒரு லைட்டு எரியணும் தாயி. அதுதான் எரியலன்னு நெனைக்கிறேன். எழுத்து இருக்கும், வெளிச்சம் இல்லாததுனால நமக்குத் தெரியல. நல்ல இருட்டுல வச்சு டார்ச்ச சாய்ச்சு அடிச்சுப் பாரு. நேரா அடிக்காத. படிச்சு முடிச்சுட்டு, நேரமிருந்தா சேவ் பண்ணலாம். மொதல்ல படி."

மதுரையில் பட்டப்பகல் பன்னிரண்டரை மணிக்கு இருட்டுக்கு எங்கே போவது? ஜன்னலைச் சாத்தினேன், ஓட்டுச் சந்தில் வெளிச்சம் வந்தது. கடைசியில் அப்பாவின் கம்பளியை எடுத்து இருவர் தலை மேலும் போட்டுக்கொண்டு கட்டிலில் குப்புறப் படுத்தோம். மெஷின் சூடு, உடம்புச் சூடு, கம்பளியில் அப்பாவின் மருந்து வாடை. வேர்த்துக் கொட்டியது. அம்மா டார்ச்சைப் பிடித்தாள். "சாய்ச்சும்மா, இன்னும் சாய்ச்சு" என்றேன். கருப்புக்குள் சாம்பல் நிறத்தில் ஏதோ தெரிந்தது. எழுத்து!

"இருக்கும்மா! இருக்கு!" என்று கத்தினேன். அவள் "கோவிந்தா" என்றாள்.

மூக்கு திரையில் முட்டும்படி வைத்துப் பார்த்தேன். எழுத்துகள் இருந்தன, வார்த்தையே இல்லை. முதல் வார்த்தை 'அவோ' என்று இருந்தது. 'அவர்' என்று அடிக்கப் போய்த் தப்பாகிவிட்டதென்று நினைத்தேன். அதற்கடுத்ததும் அர்த்தமில்லாதது. அதற்கடுத்ததும். கழுத்தில் ஒரு கையை வைத்துக்கொண்டு ஒற்றைக் கையால் அடித்ததில் விசையெல்லாம் மாறி விழுந்திருக்கிறது, என்ன சொல்ல வந்தாரென்று இனி யாருக்கும் தெரியாது என்று நினைத்தேன்.

"படிடி" என்றாள் அம்மா.

"ஒண்ணுமே புரியலம்மா. எல்லாம் கண்டமேனிக்கு விழுந்திருக்கு. 'அவோ'ன்னு இருக்கு, அப்புறம்…"

டார்ச் ஆடியது. அம்மா என் பக்கம் திரும்பினாள். "என்ன சொன்ன? திருப்பிச் சொல்லு."

"அவோ."

எங்கள் மொழியில் 'வாங்க' என்று அர்த்தம். அம்மாவைக் கேலி செய்வதென்றால் அப்பா கடையில் கூப்பிடுகிற மாதிரி மரியாதையாக அப்படிக் கூப்பிடுவார். பிறந்ததிலிருந்து தினமும் கேட்ட சொல். ஆனால் அதை எழுத்தில் நான் பார்த்ததே இல்லை, அதனால் கண்ணுக்கு அடையாளம் தெரியவில்லை. நான் மண்டு. காதால் படித்த அம்மாவுக்கு உடனே தெரிந்துவிட்டது.

அதன் பிறகு நான் அர்த்தம் பார்க்கவில்லை. எழுத்து எழுத்தாகச் சத்தம் போட்டுப் படித்தேன். என் வாயிலிருந்து வந்த சத்தத்தை என் காது கேட்டுப் புரிந்துகொண்டது. வாங்க, வந்து பக்கத்தில் உட்காருங்க என்று எழுதியிருந்தார். நம் பேச்சை எழுதிப் பழக்கமில்லை, தப்பாக இருக்கும், நீ சிரிப்பாய், சிரி என்று எழுதியிருந்தார்.

"நான் ஏன் சிரிக்கிறேன்" என்றாள் அம்மா. என்னிடம் இல்லை, திரையிடம்.

தமிழில் எழுதியது உனக்குக் கோபம் என்று தெரியும். எழுதினால் நம் பேச்சு அசிங்கமாகப் போய்விடுமோ என்று பயமாக இருந்தது.

"போங்க, பயமாம்" என்றாள். மூக்கை உறிஞ்சினாள்.

பிள்ளை முன்னால் அழாதே, அவள் வெடுவெடுவென்று பேசுவாளே தவிர உள்ளுக்குள் ஒன்றுமில்லாதவள் என்று எழுதியிருந்தார். அதையும் நான்தான் என் வாயால் படித்தேன். அம்மா ஒவ்வொரு வரிக்கும் பதில் சொல்லிக்கொண்டே வந்தாள். ரசத்தில் நீ உப்புக் குறைத்துவிட்டாய் என்றதற்கு, "டாக்டர் சொன்னாரு, நானா கொறச்சேன்?" என்று சண்டைக்குப் போனாள். நான் படிக்கப் படிக்க, அவள் பேசப் பேச, அவர்கள் இருவரும் பழையபடி சமையல்கட்டில் நின்று பேசிக்கொள்வதாகவே எனக்கு இருந்தது.

'உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்னு ரொம்ப நாளா' என்று ஒரு வரி முடிந்தது. அதற்குக் கீழே மூன்று வரி இருந்தது. அப்போது மெஷின் பீப் என்றது. பச்சை விளக்கு ஆரஞ்சாகி மினுக்கியது.

"இரும்மா, சேவ் பண்ணிர்றேன்" என்றேன்.

"முதல்ல படிடி."

"ஒரு நிமிசம்மா. சேவ் பண்ணிட்டா எப்ப வேணா படிக்கலாம்."

"படிங்குறேன்ல!"

நான் கேட்கவில்லை. கம்ப்யூட்டர் தெரிந்தவள் நான்தானே! இதை விடக் கூடாது, எல்லாவற்றையும் எடுத்து வைத்துவிட வேண்டும், பிறகு ஆற அமர அம்மாவுக்கு ஆயிரம் தடவை படித்துக்காட்ட வேண்டும் என்ற பேராசை. ஆல்ட்டும் ஷிஃப்ட்டும் தட்டி விசைப்பலகையை இங்கிலீஷுக்கு மாற்றினேன். கண்ட்ரோலும் எஸ்ஸும். டார்ச் வெளிச்சத்தில் ஒரு பெட்டி திரை நடுவே வந்து நின்றது. கோப்புக்கு என்ன பெயர் என்று கேட்டது. அந்தப் பெட்டி சரியாக அந்த மூன்று வரிக்கு மேல் உட்கார்ந்திருந்தது. இங்கிலீஷ் எழுத்திலேயே அப்பா என்று அடித்தேன். என்டரைத் தட்டினேன். பெட்டி போயிற்று. போன அதே நொடியில் காத்தாடிச் சத்தமும் நின்றது.

கம்பளிக்குள் இருட்டு. டார்ச் மட்டும் ஒன்றுமில்லாத கண்ணாடியில் பட்டு எங்கள் முகத்தைக் காட்டியது.

"சேவ் ஆயிருச்சும்மா. கரண்டு வந்ததும் பாப்போம்" என்றேன். எனக்கே நம்பிக்கை இல்லை.

இரண்டு மணிக்குக் கரண்டு வந்தது. வயரைச் சொருகிப் போட்டேன். திரை பளீரென்று வந்தது, ஒரு கோளாறும் இல்லாததுபோல. அப்பா என்ற பெயரில் கோப்பு இருந்தது. திறந்தேன். உள்ளே வெள்ளையாக இருந்தது. ஒரு புள்ளிகூட இல்லை. கோப்பை மூடித் திறந்தேன், மறுபடி திறந்தேன். அண்ணனுக்குப் போன் செய்து சொன்னேன். பெயரை எழுதியிருக்கிறது, உள்ளே இருப்பதை எழுதுவதற்குள் பேட்டரி போய்விட்டது என்றார். பிறகு, "மொதல்ல படின்னு சொன்னேனே தாயி" என்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

அம்மாவிடம் எப்படிச் சொல்வதென்று தெரியாமல் அதன் முன்னாலேயே உட்கார்ந்திருந்தேன். அவள் முகம் கழுவி, பொட்டு வைத்து, வேறு சேலை கட்டிக்கொண்டு வந்து நின்றாள். என்னைப் பார்த்ததுமே தெரிந்துகொண்டாள்.

"விடு. என்னத்தக் கேக்கப் போறாரு? என்னவா இருந்தாலும் சரின்னு சொல்லிர்றேன். கெளம்பு."

ஆஸ்பத்திரியில் அவரை ஐசியூவுக்கு மாற்றியிருந்தார்கள். ஒருவர் மட்டும் போகலாம் என்றார்கள். நான் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றேன். அம்மா குனிந்து அவர் காதருகே எங்கள் மொழியில் ஏதோ பேசினாள். வெகுநேரம் பேசினாள். கடைசியில் தலையை ஆட்டி ஆட்டி ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னாள். உதடு அசைவதிலேயே எனக்குத் தெரிந்தது. சரி, சரி என்றுதான் சொன்னாள்.

அப்பா கண் திறக்கவில்லை. மூன்றாம் நாள் காலையில் போய்விட்டார். அம்மா எதற்குச் சரி சொன்னாள் என்று அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. மூன்றே வரி. படிடி என்றாள். நான் படித்திருக்கலாம்.